சிங்கப்பூர் நீரிணை எப்படிப் புளிக்கிறது?

இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று தெரிந்தவருக்குக் கடலின் கரிமக் கணக்கில் பாதி புரிந்த மாதிரிதான்.

அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து மூடி வைக்கிறோம். சிங்கப்பூர் வெக்கைக்கு ஒரு ராத்திரி தாராளம். விடியும்போது மாவு மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். தேக்காவில் வாங்கிய பாக்கெட் மாவைக் குளிர்ப்பெட்டியில் வைக்க மறந்துவிட்டால் பாக்கெட்டே உப்பி விறைத்துக்கொள்ளும். ஈஸ்ட் வேண்டாம், சோடா வேண்டாம். உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வருகிற லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் போன்ற பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அதனால் மாவு பொங்குகிறது. கூடவே அமிலத்தையும் விடுகின்றன, அதனால் புளிக்கிறது. பொங்குவதும் புளிப்பதும் ஒரே தீனியின் இரண்டு விளைவுகள். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மரினா சவுத் படகுத்துறைக்கு அப்பால் இருக்கும் நீரைப் பார்க்கலாம்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளியில் கடல்நீரின் வேதியியலை ஆராய்பவர் பேட்ரிக் மார்ட்டின். அவருடைய குழு 2017 அக்டோபர் முதல் கூசுத் தீவுக்கும் ஹந்துத் தீவுக்கும் அருகே திரும்பத் திரும்பப் போய் நீர் மொண்டு வந்து அளந்தது. பல ஆண்டுத் தரவை வைத்து, யோங்லி ஷோ முதல் ஆசிரியராக இருந்த ஆய்வுக்கட்டுரை 2021இல் வெளிவந்தது. அதன் சாரம் இது: தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் சதுப்புக் காடுகளிலிருந்து கரைந்து வரும் கரிமம் சிங்கப்பூர் நீரிணையை எட்டுகிறது. வரும் வழியிலேயே அதில் 60 முதல் 70 சதவீதம் கரியமில வாயுவாக மாறிவிடுகிறது. அந்த வாயு நீரைப் புளிக்க வைக்கிறது. பெரும்பங்கு கடைசியில் காற்றில் கலக்கிறது.

கடல் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். உலகக் கணக்கில் அது சரி. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் நம் வாசலில் இருக்கும் இந்தக் கடல் வாங்குவதைவிடக் கொடுப்பது அதிகம். அதற்குக் காரணம் கடலில் இல்லை, எதிர்க்கரையின் நிலத்தில் இருக்கிறது.

சுமத்ராவின் கிழக்குக் கரை, போர்னியோ, மலேசியத் தீபகற்பம் ஆகிய இடங்களில் பீட் எனப்படும் மண் பரந்து கிடக்கிறது. அதை மண் என்பதைவிட, பாதி மக்கிய மரம் என்று சொல்வதே பொருத்தம். காட்டில் விழுகிற இலை, கிளை, வேர் எல்லாம் வருடம் முழுவதும் தேங்கி நிற்கும் மழைநீரில் அமிழ்ந்துபோகின்றன. அந்த நீருக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அமிலத்தன்மையோ மிக அதிகம். நுண்ணுயிர்களால் அங்கே முழுமூச்சாக வேலை செய்ய முடியாது. மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பொங்காமல் அப்படியே இருக்கிறதே, அந்த நிலைதான். இங்கே குளிருக்குப் பதிலாகக் காற்றில்லாத தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து சில இடங்களில் 10 மீட்டருக்கு மேல் ஆழம் கண்டிருக்கிறது. தென்கிழக்காசியாவில் இத்தகைய நிலம் சுமார் 2.5 கோடி ஹெக்டேர். அதற்குள் பல ஆயிரம் கோடி டன் கரிமம் அடைபட்டிருக்கிறது.

குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்தது மனிதன்தான். எண்ணெய்ப்பனையும் காகிதக்கூழ் மரமும் நடுவதற்குச் சதுப்பில் வாய்க்கால் வெட்டினார்கள். நீர்மட்டம் இறங்கியது, மேல்மண் காய்ந்தது, காற்று உள்ளே புகுந்தது. இந்தோனேசியாவில் 1996இல் தொடங்கிய மாபெரும் நெல் திட்டம் மத்தியக் கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை வாய்க்கால்களால் கிழித்துப் போட்டது. நெல் விளையவில்லை. சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டார்கள், வாய்க்கால்கள் மட்டும் நின்றுவிட்டன. 2015 நிலவரப்படி தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ மூன்றிலும் சேர்த்துப் பார்த்தால் மனிதக் கை படாத சதுப்புக் காடு 6 சதவீத அளவுக்கே மிஞ்சியிருந்தது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

காய்ந்த பீட் பற்றி எரிந்தால் என்ன ஆகும் என்று சிங்கப்பூர்க்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளை ஒருநாள் மூடினார்கள். புகை கண்ணில் எரிகிறது, தொண்டையில் கரிக்கிறது, அதனால் கணக்கில் வருகிறது. அதே பீட் மண்ணிலிருந்து மழை கரைத்துக்கொண்டு போகும் கரிமத்துக்கு வாசனை இல்லை. அது ஆற்றில் இறங்கி, சத்தமில்லாமல் கடலுக்குப் போகிறது.

அந்த ஆறுகளைப் பார்த்தால் புரியும். ரியாவ் மாநிலத்தின் பெக்கன்பாரு நகரைக் கடந்து ஓடும் சியாக் ஆற்று நீர் கரும்பழுப்பு நிறம். அது சேற்றின் நிறமல்ல. ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து இரவெல்லாம் வைத்தாலும் பழுப்பு அடியில் படியாது, ஏனென்றால் அது நீரில் முற்றாகக் கரைந்துவிட்ட கரிமம். உலகின் ஆறுகள் எல்லாம் சேர்ந்து நிலத்திலிருந்து கடலுக்குக் கொண்டுபோகும் கரைந்த கரிமத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் தென்கிழக்காசியாவிலிருந்து மட்டுமே போகிறது. 2013இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் கவலைக்குரிய ஒன்றைக் காட்டியது. காடு அழியாத சதுப்பிலிருந்து வடியும் நீரில் இருப்பது அண்மையில் உதிர்ந்த இலைதழையின் கரிமம். காடு அழிந்து வடிகால் வெட்டிய இடத்திலிருந்து வருவதோ பல நூற்றாண்டுகளுக்கு முன் அடைபட்ட கரிமம். அதாவது வழிவது பாத்திரத்தின் மேல்மாவு அல்ல, அடிமாவு.

இனி அந்த நீர் எப்படி நம் பக்கம் வருகிறது என்று பார்ப்போம். நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் நீரை நீரிணைக்குள் தள்ளுகிறது. அது பெரிதும் திறந்த கடலின் நீர், நிலத்துக் கரிமம் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை காற்று திரும்புகிறது, நீரோட்டமும் திரும்புகிறது. ஜாவாக் கடல் பக்கமிருந்து வரும் நீர் சுமத்ராவின் கரையை ஒட்டி வடக்கே ஏறி, வழியில் இத்தகைய பழுப்பு ஆறுகள் கொட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு வருகிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, சதுப்பைத் தொடாத நீரையும் தொட்டு வந்த நீரையும் அரையாண்டுக்கு ஒருமுறை மாறி மாறி அளக்க முடிகிற வாய்ப்பு உலகில் அதிக இடங்களில் கிடைக்காது. கூசுத் தீவைப் புனிதப் பயணத்துக்காகவே அறிந்தவர்கள் நம்மில் அதிகம். கடல் வேதியியலுக்கும் அது அத்தனை முக்கியமான இடம்.

நீரை மொண்டால் மட்டும் போதாது. கடல்நீரின் கரிமத்தை அளப்பவர்கள் எங்கும் கையாளும் முறையைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் திறந்த குழாய்க் கலத்தைக் கயிற்றில் கட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குகிறார்கள். மேலிருந்து ஒரு சிறு எடையைக் கயிறு வழியே நழுவவிட்டால் அது போய் விசையைத் தட்டும், கலம் இரு பக்கமும் மூடிக்கொள்ளும். மேலே ஏற்றியதும் மெல்லிய ரப்பர்க் குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை செருகி, அடியிலிருந்து நீரை நிரப்பி, புட்டி வழிந்தோடும் வரை விடுகிறார்கள். ஒரு குமிழி உள்ளே போனாலும் காற்றின் கரியமில வாயு கலந்து அளவு கெட்டுவிடும். அடுத்து மெர்குரிக் குளோரைடு சில துளி. அது கடும் நஞ்சு, கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். புட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லவே அது சேர்கிறது. கொல்லாவிட்டால் படகு கரைக்கு வருவதற்குள்ளும் ஆய்வகத்தில் வரிசைக்குக் காத்திருக்கும்போதும் அவை தின்றுகொண்டே இருக்கும், புட்டிக்குள்ளேயே மாவு பொங்கிவிடும்.

வந்த கரிமத்தில் எவ்வளவு தின்னப்பட்டது என்று எப்படித் தெரிகிறது? இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாத்திரத்தில் மிச்சமிருக்கும் மாவைப் பார்த்து, முதலில் எவ்வளவு கரைத்தீர்கள் என்று சொல்ல முடியுமா? முடியும், இரண்டு தடயம் இருந்தால்.

முதல் தடயம் உப்பு. ஆற்றுநீரில் உப்பு இல்லை. நீரிணையில் உப்புத்தன்மை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நன்னீர் கலந்திருக்கிறது என்று தெரியும். அந்த நன்னீர் வழக்கமாகச் சுமந்துவரும் கரிமம் எவ்வளவு என்பது ஆற்று அளவீடுகளில் இருக்கிறது. ஆக, இங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கு கிடைத்துவிடும்.

இரண்டாவது தடயம் கரிமத்தின் எடை. எல்லாக் கரிம அணுவும் ஒரே எடையல்ல. நூற்றில் ஏறத்தாழ ஒன்று சற்றுக் கனமான கரிமம்-13, மற்றவை கரிமம்-12. செடிகொடிகள் லேசானதையே விரும்பி எடுத்துக்கொள்ளும். சதுப்புக் காட்டு மரங்களில் கனமான அணுவின் பங்கு கடல் மிதவை உயிர்களில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் நீரில் கரைந்திருக்கும் கரிமத்தின் அணு எடையை அளந்தால் அதில் எவ்வளவு காட்டிலிருந்து வந்தது, எவ்வளவு கடலில் உண்டானது என்று பிரித்துவிடலாம். நுண்ணுயிர் தின்று வாயுவாக வெளிவிட்ட பிறகும் அந்த அடையாளம் அழிவதில்லை. நீரில் கரைந்த கரியமில வாயுவிலும் அதே லேசான அணுக்கள் கூடிக் காட்டிக்கொடுக்கின்றன. இருக்க வேண்டியது, இருப்பது, வாயுவானது என்ற மூன்றையும் ஒன்றுக்கொன்று சரிபார்த்துத்தான் 60 முதல் 70 சதவீதம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மீதி 30, 40 சதவீதம் என்ன ஆனது? நீரிணையிலிருந்து எடுத்து வந்த நீரை ஆய்வகத்தில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். பெரிதாகக் குறையவில்லை. சூரிய ஒளி பட்டும்கூட எதிர்பார்த்த அளவுக்குச் சிதையவில்லை. தோல் உளுந்தை அரைத்தால் கறுப்புத் தோல் துணுக்குகள் மாவில் மிதக்குமே, எத்தனை மணி நேரம் வைத்தாலும் அவை புளித்துக் கரைவதில்லை. மிஞ்சியது அந்த வகை. எளிதில் தின்னக்கூடியதெல்லாம் சுமத்ராவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலேயே தீர்ந்துவிடுகிறது, நம்மிடம் வந்து சேர்வது தோல்தான். அதில் ஒரு பகுதி திறந்த கடலுக்குப் போய் நெடுங்காலம் அப்படியே கிடக்கக்கூடும்.

தோல் என்று அதை ஒதுக்கிவிடவும் முடியாது. பழுப்பு நிறம் அதில்தான் இருக்கிறது. அது நீல ஒளியை விழுங்கிக்கொள்வதால் தென்மேற்குப் பருவத்தில் பவளங்களுக்கும் கடற்புல்லுக்கும் போய்ச் சேரும் வெளிச்சம் குறைகிறது. இதையும் மார்ட்டினின் குழுதான் தனியாக அளந்து 2021இல் எழுதியது.

இப்போது புளிப்புக்கு வருவோம். இங்கே மாவுக்கும் கடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாவில் புளிப்பைத் தருவது பெரும்பாலும் லாக்டிக் அமிலம், வாயுவுக்கு அதில் பங்கு சொற்பம். கடலில் வாயுவே புளிப்பு. கரியமில வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது, அமிலம் ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனி நீரில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. பவளமும் சிப்பியும் தங்கள் ஓட்டையும் எலும்பையும் கட்ட நம்பியிருப்பது அந்தக் கார்பனேட்டைத்தான். இன்னொரு வேறுபாடு அளவில். நன்றாகப் புளித்த மாவின் பிஎச் 4.5ஐ ஒட்டி இறங்கிவிடும். கடல்நீர் அப்படியெல்லாம் இறங்காது, 8ஐ ஒட்டியே இருக்கும், புளிப்பின் பக்கம் சற்று நகரும், அவ்வளவுதான்.

அந்தச் சற்று எவ்வளவு என்பதுதான் கேள்வி. சதுப்புக் கரிமம் வாயுவாவதால் தென்மேற்குப் பருவத்தில் நீரிணையின் பிஎச் அதிகபட்சம் 0.10 வரை குறைகிறது என்கிறது ஆய்வு. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் தொழிற்புரட்சிக்குப் பிறகு இத்தனை காலமாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததில் உலகக் கடல்களின் மேல்மட்ட பிஎச் இறங்கியிருப்பதும் ஏறத்தாழ அதே 0.1தான். பிஎச் அளவுகோலில் 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி சுமார் 26 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். மற்றக் கடல்கள் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளில் கண்ட மாற்றத்தின் அளவை நம் பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சில மாதங்களுக்குள் கூடுதலாகத் தாங்குகின்றன. சிங்கப்பூர் நீரில் கடினப் பவளம் சுமார் 250 வகை உண்டு. நில மீட்பில் பாதிக்கு மேற்பட்ட பவளத்திட்டுகளை இழந்த பிறகும் மிஞ்சியிருப்பவை அவை. வெப்பத்தால் வெளுப்பதும் கப்பல் போக்குவரத்தின் கலங்கலும் போதாதென்று இதுவும்.

வாயு எப்படி வெளியேறுகிறது? பொங்கிய மாவில் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் புஸ்ஸென்று அடங்கிவிடும், உள்ளே இருந்த வாயு சமையலறைக் காற்றில் போய்விடும். சுண்டா மேடை என்று சொல்லப்படும் நம் கடல் பகுதி அதற்கு ஏற்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது இது தரை. இப்போதும் பெரும்பகுதி 100 மீட்டருக்கும் குறைவான ஆழம். ஆழ்கடலாக இருந்தால் அடியில் உண்டாகும் வாயு மேலே வர நூற்றாண்டுகள் ஆகலாம். இங்கே ஓதமும் காற்றும் ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்க, நீரிலுள்ள வாயுவுக்கும் மேலேயுள்ள காற்றுக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லை. காற்றில் கரியமில வாயு ஏற்கெனவே 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. அதையும் மிஞ்சிய அழுத்தத்தில் நீரில் இருப்பதால்தான் அது வெளியே போகிறது.

கரியமில வாயு மட்டும்தானா என்றால், இல்லை. காற்றே புகாத சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் மீத்தேனை விடும். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பூர்வஜாவும் ரமேஷும் செய்த ஆய்வு, வெண்கண்டலின் மூச்சுவேர்கள் வழியாக மீத்தேன் மேலேறி வருவதைக் காட்டியது. கோவா தேசியக் கடலியல் கழகத்தின் நக்வி, இந்திய மேற்குக் கரையோரக் கடலில் நைட்ரஸ் ஆக்சைடு பெருகுவதை 2000இல் எழுதினார். உரம் கலந்த ஆற்றுநீரையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார். அங்கேயும் கடலில் பொங்குவது நிலத்தில் ஊறியதுதான்.

சதுப்பிலிருந்து நீரிணைக்கு வரும் இந்தக் கரிமம் யாருடைய கணக்கில் சேர்கிறது? எல்லை கடந்து வரும் புகைக்காக சிங்கப்பூர் 2014இல் ஒரு சட்டமே இயற்றியது. எல்லை கடந்து நீரில் கரைந்து வரும் கரிமத்துக்கு அதில் இடமில்லை. வடிகால் வெட்டிய சதுப்பிலிருந்து நீரில் போகும் கரிமத்தையும் நாடுகள் தங்கள் உமிழ்வுக் கணக்கில் சேர்க்க பருவநிலை மாற்றத்துக்கான ஐநா குழுவான ஐபிசிசியின் 2013 ஈரநில வழிகாட்டி வழி சொல்லியிருக்கிறது. அதில் 90 சதவீதம் கடைசியில் கரியமில வாயுவாகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அது பொதுவான மதிப்பீடு. கூசு, ஹந்துத் தீவுகளின் அளவீடு அந்த மதிப்பீட்டை இந்த மண்ணின், இந்தக் கடலின் உண்மையோடு உரசிப் பார்க்க உதவுகிறது. வாயுவாகும் பங்கு பெரியதுதான், ஆனால் மிஞ்சும் பங்கும் அலட்சியப்படுத்தும் அளவில் இல்லை. இப்படி இடத்துக்கு இடம் அளக்காமல் உலகக் கணக்கு சரியாகாது.

கடலில் பொங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது பாத்திரத்தை மறுபடி குளிர்ப்பெட்டிக்குள் வைப்பது, அதாவது சதுப்பை நனைய வைப்பது. இந்தோனேசியா 2015 தீக்குப் பிறகு, 2016 ஜனவரியில் பீட் நில மீட்பு அமைப்பை உருவாக்கியது. பீட் நிலத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அங்கே விதி. வாய்க்கால்களின் குறுக்கே மரத்தடுப்பு அடித்து நீரைத் தேக்குகிறார்கள். 40 சென்டிமீட்டர் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். அதற்கு மேலிருக்கும் மண் காய்ந்து கரைந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் 1 மீட்டர், 2 மீட்டர் என்று வடிய விடுவதை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

தடுப்புகள் பலன் தருகின்றனவா என்று சொல்லப்போவது மறுபடியும் அந்தப் புட்டிகள்தான். ஓர் எல் நினோ ஆண்டில் மழை குறைந்தாலும் கடலுக்கு வரும் கரிமம் குறையும். அந்தக் குறைவையும் வாய்க்கால் அடைத்ததால் வந்த குறைவையும் நாலைந்து ஆண்டுத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது. பின்னோக்கிப் பார்க்கப் பவளமே ஓரளவு கைகொடுக்கிறது. பவள எலும்பைத் துளைத்தெடுத்து ஒளிர்வை அளந்தால், அது வளர்ந்த காலத்து நீரில் நிலத்துக் கரிமம் ஏறி இறங்கியதன் தடம் தெரிகிறது என்று இதே குழு காட்டியிருக்கிறது. முன்னோக்கிப் பார்ப்பதற்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பருவத்திலும் யாராவது படகேறிப் போய்க் கலத்தை இறக்கியாக வேண்டும், அதற்கான நிதி ஓர் ஆய்வுத் திட்டம் முடிந்ததோடு நின்றுவிடக்கூடாது.